விருந்தாளிக்காகப் பூசிய சுவர்

1

இந்த வாரத்தோடு நான் ஜப்பானுக்கு வந்து மூன்று வருடம். மலைகள் சூழ்ந்த ஒரு சிறு நகரத்தில், முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை. வயதானவர்களைக் குளிப்பாட்டுவேன், சாப்பாடு ஊட்டுவேன், சக்கர நாற்காலியில் வைத்து வெயில் விழும் ஜன்னலோரம் கொண்டுபோய் விடுவேன். டிக்கோயாவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து யார் போன் எடுத்தாலும் “அங்க ஸ்னோ கொட்டுதா?” என்பார்கள். இங்கே இருப்பவர்கள் என்னிடம் கேட்பது வேறு. உங்கள் நாட்டுக்கு எந்தக் காலத்தில் போனால் நல்லது?

காலம் பார்க்காமல் இவர்கள் எங்கும் கிளம்புவதில்லை. பூப் பார்க்க ஒரு வாரம், இலை சிவப்பதைப் பார்க்க ஒரு வாரம். அதை ரேடியோவில் வேறு அறிவிக்கிறார்கள். அதனால் என்னோடு ஒரே மாடியில் வேலை செய்யும் மொரிதா அம்மா இந்த வருடத் தொடக்கத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டபோது எனக்கு ஆச்சரியமில்லை. அறுபது வயதைத் தாண்டியவர். கணவர் இல்லை, பிள்ளைகள் தூரத்தில். நான் வந்த புதிதில் ஊசி மருந்துக்கும் கண் மருந்துக்கும் வேறு வேறு சொல் தெரியாமல் திண்டாடியபோது, யாரும் பார்க்காதபடி அந்தச் சொற்களை எழுதிய ஒரு துண்டுச் சீட்டை என் கைக்குள் திணித்துவிட்டுப் போனவர்.

எங்கள் வீட்டில் உயர்தரம் வரை படித்த முதல் ஆள் நான். பாடம் புவியியல். கேள்வி வந்ததும் உற்சாகமாகிவிட்டேன். மத்தியான உணவு அட்டையின் பின்பக்கத்தில் இலங்கையை வரைந்து, நடுவில் மலையைப் போட்டு, இரண்டு பக்கமும் அம்புக்குறி போட்டேன். மேயிலிருந்து செப்டெம்பர் வரை காற்று தென்மேற்கிலிருந்து வரும். கினிகத்தேனை, ஹட்டன், டிக்கோயா எல்லாம் நனையும். அதே நாட்களில் கிழக்கே திருகோணமலையில் வெயில் கொளுத்தும், கடல் அலையில்லாமல் கிடக்கும். வருடக் கடைசியில் எல்லாம் தலைகீழாகும். சின்ன நாடுதான். ஆனால் காலையில் ஒரு பக்கம் குடையோடு பஸ் ஏறினால் பின்னேரம் மறுபக்கம் புழுதியில் இறங்கலாம்.

“மலைக்கு எப்போது?” என்று கேட்டார்.

“ஜனவரியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை.”

“எனக்கு ஓகஸ்ட்டில்தானே விடுமுறை.”

அப்படியானால் திருகோணமலையில் ஒரு வாரம் தங்கலாம், மலைக்கு இரண்டு நாள் போதும் என்றேன். அந்த இரண்டு நாளும் எங்கள் வீட்டுக்கு வருவதாக அவரே சொன்னார். வீடு எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டி வந்தது. ‘லயம்’ என்பதற்கு ஜப்பானிய மொழியில் சொல் தேடி, நீளமான ஒரே கூரை, வரிசையாகக் கதவுகள், ஒவ்வொரு கதவுக்குள்ளும் ஒரு குடும்பம் என்று கையால் காட்டினேன். அவர் சிரித்தார். “நகாயா! நான் பிறந்ததும் அப்படி ஒரு வீட்டில்தான்.” மூன்று வருடத்தில் அன்றைக்குத்தான் இந்த ஊரில் ஒருவரோடு கூச்சமில்லாமல் என் வீட்டைப் பற்றிப் பேசினேன்.

பயணக் கட்டுரைகளில் ‘சிறந்த காலம்’ என்று போடுகிறார்களே, அது அம்மாவுக்குக் கெட்ட காலம் என்பதை மட்டும் நான் அவரிடம் சொல்லவில்லை. வெயில் அடித்து, காலையில் பனி உறைந்து, வெள்ளைக்காரர்கள் ரயில் கதவில் தொங்கிக்கொண்டு படம் எடுக்கிற மாதங்களில் கொழுந்து வராது. வேலை குறையும். மழை வந்தால் கொழுந்து வரும், மழையோடு மற்றதும் வரும்.

2

அந்த ‘மற்றது’ எங்கள் வீட்டுக்கு ஏற்கனவே வந்திருந்தது.

போன வருடக் கடைசியில் காலம் தப்பி விடாமல் பெய்த மழையில், லயத்துக்குப் பின்னாலிருந்த மண்மேட்டில் ஒரு வெடிப்பு விழுந்தது. அதே நேரத்தில் எங்கள் வீட்டுச் சுவரிலும் கூரையிலிருந்து தரை வரை ஒரு விரிசல் ஓடியது. எங்களுடையது லயத்தின் கடைசி வீடு, மேட்டுக்கு மிகவும் கிட்ட. மழை நின்ற பிறகு ஜீப்பில் இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். விரிசலின் குறுக்கே, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சிமெந்து வைத்து, விரல் நீளத்தில் ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டினார்கள். சிங்களத்தில் விளக்கிவிட்டுப் போய்விட்டார்கள். கினிகத்தேனையில் இரும்புக் கடையொன்றில் நிற்கிற ராஜன் மச்சான், அம்மாவோடு இருக்கிற என் தங்கையின் கணவர், அவருக்குத்தான் அது முழுதாக விளங்கியது. மண் நகர்ந்தால் சுவர் விலகும். சுவர் விலகினால் கண்ணாடி உடையும். உடைந்தால் ஒரு சாமானையும் எடுக்காமல் லயத்தில் எல்லோரும் மேலே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும்.

அன்றிலிருந்து அந்தக் கண்ணாடி லயத்துக்கே பொதுவாகிவிட்டது. காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கொடுக்கிற இடத்துக்குப் போகிற பெண்கள் எங்கள் வாசலில் ஒரு நிமிடம் நிற்பார்கள்.

“என்னக்கா, முழுசா இருக்கா?”

“முழுசா இருக்கு, போங்க.”

அம்மா தினமும் அதைத் துணியால் துடைத்தார். கொஞ்ச நாளில் அதற்கு ஒரு குங்குமப் பொட்டும் வைத்துவிட்டார். “நம்மளுக்குக் காவல் நிக்குதுல்ல?” என்றார். நான் சிரித்தேன். புவியியல் படித்தவனுக்கு அது ஒரு கருவி. அம்மாவுக்கு அது சாமி. இரண்டில் எதுவாக இருந்தாலும் தினமும் பார்த்துக்கொண்டால் சரி என்று நினைத்தேன்.

3

ஜூலை தொடக்கத்தில் இங்கேயும் நல்ல மழை. ஒரு பகலில் வேலைத்தலத்தில் எல்லோருடைய போனும் ஒரே நேரத்தில் அலறியது. மண்சரிவு எச்சரிக்கை. யாரும் ஓடவில்லை, யாரும் கேள்வி கேட்கவில்லை. கீழ்மாடியில் இருந்தவர்களை வரிசையாக மேலே ஏற்றினோம். ஒரு தாத்தா தன் செருப்பு கீழே இருக்கிறது என்று அடம்பிடித்தார். மொரிதா அம்மா “செருப்பு நடந்து வரும், நீங்கள் உருண்டு போங்கள்” என்று நாற்காலியைத் தள்ளினார். பின்னேரம் எச்சரிக்கை நீங்கியது, எல்லோரும் கீழே இறங்கித் தேநீர் குடித்தோம்.

அன்று வேலை முடிந்ததும் வீட்டுக்கு வீடியோ கால் எடுத்தேன். அம்மா போனை முகத்துக்கு மிகக் கிட்டப் பிடித்திருந்தார், காதும் தோடும் மட்டும் தெரிந்தன. பின்னால் தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தம். பழக்கத்தில் “தைஜோபு?” என்று ஜப்பானிய மொழியிலேயே கேட்டுவிட்டேன்.

“என்னாடா திட்டுற?”

“ஒண்ணுமில்லம்மா, நல்லா இருக்கீங்களான்னு கேட்டேன்.”

“நல்லா இருக்கோம். இரு, ஒண்ணு காட்டுறேன்.” போனைத் திருப்பினார். அறை முழுக்க இளம்பச்சை. புதுப் பெயின்ட். “மருமகன் லீவு போட்டுட்டுப் பூசுனாரு. அந்தம்மா வந்து ஒக்காந்தா இந்தப் பக்கம் பாத்துத்தானே ஒக்காருவாங்க? எப்புடி இருக்கு?”

நன்றாகத்தான் இருந்தது. அவ்வளவு நேராக அந்தச் சுவரை நான் பார்த்ததேயில்லை.

“அம்மா, கண்ணாடி எங்க?”

“எந்தக் கண்ணாடி?”

“செவுத்துல இருந்துச்சே.”

“ஓ, அதா. அத எடுத்தாச்சு.”

அம்மாவே தொடர்ந்தார். “புண்ணுக்குப் பிளாஸ்டர் போட்ட மாதிரி நடுச் செவுத்துல நிக்குது. கடல் தாண்டி ஒரு மனுசி வருது, அதையாடா காட்டுறது? பயப்படாத, ஒடைக்கல. மருமகன் மெதுவாத் தட்டி எடுத்தாரு. பத்திரமா இருக்கு பாரு.”

போன் சாமிப் படங்கள் பக்கம் போனது. விபூதித் தட்டில், சூடக் கட்டிக்குப் பக்கத்தில், பொட்டோடு அந்தக் கண்ணாடித் துண்டு.

“அவங்க போனதும் ஒட்டிரலாம்.”

“காலையில வர்றவங்க கேக்குறாங்களா?”

“கேக்காம? இன்னைக்கிக்கூடப் பாக்கியம் கேட்டா. முழுசா இருக்குன்னேன். முழுசாத்தானே இருக்கு?”

போனைத் திரும்பச் சுவருக்குப் பிடிக்கச் சொன்னேன். இன்னும் கிட்ட, இன்னும் மேலே. கூரை சேருகிற மூலையிலிருந்து பச்சையின் நடுவே ஒரு மயிரிழை இறங்கியிருந்தது. பூசி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

மச்சான் போனை வாங்கினார். “அது பெயின்ட் வெடிச்சிருக்கு மச்சான். ஈரத்துல பூசுனது. நான் பட்டி வச்சு நல்லா அடைச்சுத்தான் பூசுனேன்.”

“மேட்டுப் பக்கம் போய்ப் பாத்தீங்களா?”

“இந்த மழையில எங்க போறது? காலு நிக்காது.” பிறகு அவரே சொன்னார். “பீலியில தண்ணி மட்டும் ரெண்டு நாளா கலங்கலா வருது. மேல எங்கயோ தண்ணி ஓடுற கான் ஒடஞ்சிருக்கும்.”

பீலி என்பது மலை ஊற்றிலிருந்து குழாய் வைத்து எடுக்கிற எங்கள் தண்ணீர். எவ்வளவு மழை பெய்தாலும் அது தெளிவாக வந்துதான் எனக்குப் பழக்கம். உள்ளே மண் அசைந்தால் ஊற்று கலங்கும் என்று படித்திருக்கிறேன்.

4

மறுநாள் இலங்கை அலுவலக நேரம் பார்த்து, கண்ணாடி ஒட்டிய அதிகாரிகளின் நுவரெலியா அலுவலகத்துக்கு அழைத்தேன். எனக்குத் தெரிந்த சிங்களம் ஹட்டன் பஸ் நிலையத்துச் சிங்களம். இருந்தாலும் விஷயத்தைச் சொன்னேன். முதலில் பேசியவர் கிராம உத்தியோகத்தரிடம் சொல்லச் சொன்னார். கிராம உத்தியோகத்தர், அது தோட்டத்து வீடு, தோட்டத்தில் சொல்லுங்கள் என்றார். தோட்டத்து அலுவலகத்தில், கண்ணாடி ஒட்டியது நாங்கள் இல்லையே என்றார்கள். திரும்ப முதல் இடத்துக்கே எடுத்தேன்.

“கண்ணாடி உடைந்துவிட்டதா?” என்று கேட்டார். மரியாதையான குரல்தான்.

“இல்லை. கழற்றிவிட்டார்கள்.”

“ஆனால் உடையவில்லை?”

“உடையவில்லை.”

“அப்படியென்றால் இப்போதைக்கு அவசரம் என்று பதிய முடியாது தம்பி. உடைந்தால் உடனே அழையுங்கள்.”

சாமித் தட்டில் இருக்கிற கண்ணாடி எப்படி உடையும் என்று சிங்களத்தில் கேட்க எனக்கு வரவில்லை. நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

அடுத்த சில நாட்களும் அம்மாவிடம் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள் என்று கெஞ்சினேன். “அடுத்த மாசம் விருந்தாளி வருது, நான் பள்ளிக்கூடத்து வாங்குல படுத்துக்கிட்டு அவங்களுக்கு எங்க எல போடுறது?” என்றார். மழை குறைந்ததும் பார்ப்போம் என்றார். புதுப் பாய் வாங்கியாகிவிட்டது என்றார். நான் என்ன சொன்னாலும் பேச்சு மொரிதா அம்மாவிடம் வந்து நின்றது. அந்த வருகைதான் அம்மாவை அந்த வீட்டுக்குள் பிடித்து வைத்திருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஓய்வறையில் மொரிதா அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெப்ரவரிக்கு மாற்றிக்கொள்ள முடியுமா, அதுதான் மலைக்கு நல்ல காலம் என்றேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

“நான் வருவதால்தான் அந்தச் சுவரைப் பூசினார்களா?”

“ஆமாம்.”

“பெப்ரவரி வரை அந்தச் சுவர் நிற்குமா?”

அவர் எழுந்து போய், சுவரில் ஒட்டியிருந்த விடுமுறைப் பட்டியலில் தன் பெயருக்கு நேரே இருந்ததை அழித்தார். பிறகு கொஞ்ச நேரம் அழிறப்பரைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

5

“லயம்னு சொல்லிட்டியா?”

விருந்தாளி வரவில்லை என்றதும் அம்மா கேட்ட முதல் கேள்வி அது.

“அதெல்லாம் எப்பவோ சொல்லிட்டேம்மா. அவங்களும் லயம் மாதிரி ஒரு வீட்டுல பொறந்தவங்கதான்.”

“பின்ன ஏன் வரல?”

“செவுத்துக்காக. நீங்க அதுக்குள்ள இருக்குறதுக்காக.”

“அப்ப நாந்தான் காரணம்” என்றார். நான் இல்லை என்றேன். “எதுக்குப் பொய் சொல்ற?” என்று வைத்துவிட்டார்.

அன்று பின்னேரமே அம்மா மச்சானைச் சிமெந்து குழைக்கச் சொல்லி, தட்டில் இருந்ததை எடுத்து, மயிரிழை ஓடிய இடத்தில் பச்சைப் பெயின்டின் மேலேயே ஒட்ட வைத்திருக்கிறார். பொட்டை மட்டும் துடைத்துவிட்டாராம்.

மூன்றாம் நாள் அது நடுவில் உடைந்திருந்தது.

எனக்கு இங்கே வேலை முடிந்த நேரம், அங்கே பின்னேரம், கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு எல்லோரும் லயத்துக்குத் திரும்பியிருந்தார்கள். மச்சான் அழைத்து, ஒன்றும் சொல்லாமல் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். படம் தெரியவில்லை, குரல்கள் கேட்டன. எங்கள் வாசலில் லயமே கூடியிருந்தது.

“பெயின்ட்டு மேல ஒட்டுனா ஒடையாம என்னா செய்யும்?” இது எங்கள் அடுத்த வீட்டுச் சின்னையா மாமா. “ஈரத்துல சிமெந்து இழுத்திருக்கு, அவ்வளவுதான்.”

“இழுத்தா கழண்டு விழும் மாமா. இது நடுவுல ஒடைஞ்சிருக்கு.” மச்சான்.

“நீ இரும்புக் கடையில நிக்கிறவன். கண்ணாடிக் கடையிலயா நிக்கிற?”

சிலர் சிரித்தார்கள். அப்போது அம்மாவின் குரல் வந்தது. அவர் இவ்வளவு பேர் முன்னால் பேசி நான் கேட்டதில்லை.

“இருங்க. சிரிக்காதீங்க. நான் ஒண்ணு சொல்லணும். அது மூணு நாளைக்கு முந்தித்தான் திரும்ப ஒட்டுனது. அதுக்கு முந்தி ரெண்டு வாரமா அது செவுத்துலயே இல்ல. நாந்தான் கழட்டச் சொன்னேன். நீங்க கேட்டப்ப முழுசா இருக்குன்னு சொன்னேன். அது தட்டுல இருந்துச்சு. அந்த ரெண்டு வாரத்துல செவுரு எவ்வளவு வெலகுச்சுன்னு எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. எல்லாரும் மேல போயிருவோம்.”

பிறகு பாக்கியம் அக்கா பேசினார். அம்மாவோடு ஒரே மலையில், ஒரே வரிசையில் கொழுந்து எடுப்பவர்.

“அப்ப நான் தெனமும் கேட்டுட்டுப் போனது, எம் புள்ளைகள வீட்டுல விட்டுட்டுப் போனது…”

“ஆமா பாக்கியம்.”

“ஒன் வீட்டு வெளிநாட்டுக்காரிக்கு அழகு காட்ட.”

“ஆமா.”

“இப்ப அவ வரலன்னதும் எங்கள ஓடச் சொல்ற.”

அம்மா அதற்கும் ஆமாம் என்றுதான் சொன்னார்.

6

அன்று இருட்டுவதற்கு முன் லயத்தில் பாதிப் பேர் பள்ளிக்கூடத்துக்கு ஏறினார்கள். மச்சான், தங்கச்சி, அம்மா எல்லோரும் அங்கேதான் இருக்கிறார்கள். அலுவலகத்துக்கு உடைந்தது என்று சொல்லியாகிவிட்டது. பதிந்துகொண்டார்கள். பாதை வழுக்குவதால் வெயில் கண்டதும் வருவார்களாம்.

மற்றப் பாதி கீழேயே இருக்கிறது. சின்னையா மாமா மாட்டை விட்டுவிட்டு வரமாட்டாராம். சிலர், அதிகாரிகள் ஒட்டியிருந்தபோது கண்ணாடி ஒரு நாளும் உடையவில்லையே என்கிறார்கள். பாக்கியம் அக்கா காரணம் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா சொன்னால் வரமாட்டார், அவ்வளவுதான். இனி அந்த வீட்டிலிருந்து வருகிற எந்தச் சொல்லையும் நம்பப்போவதில்லை என்று பீலியடியில் எல்லோருக்கும் கேட்கச் சொல்லியிருக்கிறார். நான் அவருக்கு இரண்டு முறை அழைத்தேன். “ஒனக்கென்னாப்பா, நீ அங்க இருக்க” என்றார். அது உண்மை.

இதை வாசிக்கிற உங்களில் யாருடைய வீட்டுச் சுவரிலாவது அப்படி ஒரு துண்டு ஒட்டியிருந்தால், கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் அது அப்படியே இருக்கட்டும். வருகிறவர்கள் பார்த்துவிட்டுப் போகட்டும்.

மழை விட்டபாடில்லை. போனில் வானிலைப் படத்தைப் பார்க்கிறேன். நான் உணவு அட்டையின் பின்னால் வரைந்த அதே அம்புக்குறிகள், அதே திசை. திருகோணமலையில் நல்ல வெயில் என்று காட்டுகிறது.

அம்மா வெளிச்சம் இருக்கும்போது தினமும் இரண்டு தடவை கீழே இறங்கிப் போகிறாராம். போகாதீர்கள் என்று நானும் சொல்லிப் பார்த்தேன், மச்சானும் சொல்லிப் பார்த்தார். கேட்பதாக இல்லை. நேற்று மச்சானிடம், அங்கே போய் அம்மா என்னதான் செய்கிறார் என்று கேட்டேன்.

“ஒவ்வொரு வீடா போறாங்க மச்சான். அம்மாவக் கண்டா கதவச் சாத்துறாங்க. பாக்கியம் அக்கா உள்ளுக்குத் தாப்பாளே போட்டுட்டாங்க.”

“அப்புறம்?”

“கதவுக்கு வெளிய நின்னு பேசுறாங்க. கூரையில அடிக்கிற மழைக்கு உள்ள கேக்குதா இல்லையான்னு தெரியல.”

இப்போது அங்கே பின்னேரம். இரண்டாவது தடவை இறங்கிப் போகிற நேரம்.